டார்ச் அடிச்சா கருமணல் ஒளிருமா? பழவேற்காடு கரையில் கிடக்கும் கறுப்புக் கோடு சொல்வது என்ன?

வட சென்னையில் இருந்து பழவேற்காடு வரை கடற்கரையில் நடப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெளிர் மணலுக்கு நடுவே, மை கொட்டிய மாதிரி கறுப்பாக ஒரு பட்டை நீண்டு கிடக்கும். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் பக்கம் படகு இழுப்பவர்களுக்கு அது 'கருமணல்', அவ்வளவுதான். அந்தக் கறுப்புக்குள் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்று பல தாதுக்கள் இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியாது.

இப்போது சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனிலேயே 'யுவி டார்ச்' கிடைக்கிறது. இருட்டில் கல்லின் மேல் அடித்தால் பச்சையாக, ஆரஞ்சாக ஒளிர்வதைக் காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதைப் பார்த்ததும் எழும் கேள்வி: நம்ம ஊர் மணலில் என்ன இருக்கு என்று இந்த டார்ச்சை வைத்தே கண்டுபிடிச்சிடலாமா?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. மணலில் என்ன தாது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே யார் சுரங்கம் தோண்டலாம், அந்த ஊர் மக்களிடம் கருத்து கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் இன்று முடிவாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இந்தக் கறுப்பு மணல் எங்கிருந்து வந்தது?

மலைப் பாறையில் இருந்து. சென்னையைச் சுற்றியுள்ள பழைய பாறைகளில் முக்கியமானது சார்னோக்கைட். பல்லாவரம், பரங்கிமலை பகுதியில் கிடைக்கும் இந்தப் பாறைக்கு, கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஒட்டித்தான் அந்தப் பெயர் வந்தது. இதுபோன்ற பாறைகளிலும், கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளிலும் இல்மனைட், மேக்னடைட், கார்னெட், சிர்கான் போன்ற தாதுக்கள் சிறு சிறு மணிகளாகப் பொதிந்திருக்கின்றன.

வெயிலும் மழையும் பாறையைச் சிதைக்கும். ஆறு அதை அடித்துக்கொண்டு கடலுக்குக் கொண்டு வரும். அதன் பிறகு அலையின் வேலை. சாதாரண வெள்ளை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் எடை தண்ணீரைப் போல சுமார் 2.65 மடங்கு. கார்னெட் சுமார் 4 மடங்கு. இல்மனைட்டும் சிர்கானும் சுமார் 4.7 மடங்கு. மோனசைட், மேக்னடைட் 5 மடங்கை ஒட்டி வரும்.

முறத்தில் அரிசி புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லேசான உமி பறந்துவிடும், அரிசி தங்கிவிடும். அலையும் அப்படித்தான் புடைக்கிறது. லேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போகிறது, கனமான கறுப்பு மணிகளைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. அதனால்தான் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு கறுப்புப் பட்டை இன்னும் பளிச்சென்று தெரியும்.

சரி, 'ஒளிர்தல்' என்றால் என்ன?

புற ஊதா ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. சில பொருட்கள் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளியே விடும். இதுதான் ஃப்ளூரசன்ஸ். ஃப்ளூரைட் என்ற கனிமத்தின் பெயரில் இருந்து 1852-ல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் பிரிட்டன் விஞ்ஞானி ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

இதை நாம் தினமும் பார்க்கிறோம். வங்கியில் ரூபாய் நோட்டை நீல விளக்கின் கீழ் வைத்ததும் எண்களும் சின்னச் சின்ன இழைகளும் ஒளிர்கின்றனவே, அது இதுதான். மேடை விளக்கில் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக ஜொலிப்பதும், துணி சோப்பில் இருக்கும் வெண்மையூட்டிகள் செய்யும் இதே வேலைதான்.

கனிமங்களில் பெரும்பாலும் ஒளிர்வது கனிமமே அல்ல, அதற்குள் கலந்திருக்கும் 'விருந்தாளி' தனிமங்கள். கால்சைட்டில் கொஞ்சம் மாங்கனீஸ் இருந்தால் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ ஒளிரும். மாணிக்கக் கல்லில் இருக்கும் குரோமியம் சிவப்பு ஒளி தரும். அதே சமயம் இரும்பு எதிராளி மாதிரி, பல கனிமங்களில் ஒளிர்வதைத் தடுத்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருமணல் விஷயத்தில் இதுதான் முக்கியம்.

எல்லா யுவி டார்ச்சும் ஒண்ணுதானா?

இல்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

395 நானோமீட்டர்: மலிவான டார்ச்சுகளில் பெரும்பாலானவை இந்த வகை. இதில் ஊதா வெளிச்சமும் சேர்ந்தே வரும். அடிக்கிற இடமெல்லாம் ஊதாவாகத் தெரிவதால், கல் உண்மையில் ஒளிர்கிறதா, ஊதா வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

365 நானோமீட்டர்: 'நீண்ட அலை' விளக்கு. கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியது என்றால் கல் சேகரிப்பவர்களுக்கு இது போதுமான தொடக்கம்.

254 நானோமீட்டர்: 'குறுகிய அலை' விளக்கு. புவியியலாளர்கள் களத்துக்குக் கொண்டு போவது இதுதான். பல கனிமங்கள் இதில் மட்டுமே ஒளிரும். ஆனால் இது கிருமிகளைக் கொல்லப் பயன்படும் அலைநீளம். கண்ணையும் தோலையும் பாதிக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் டங்ஸ்டன். மதுரை அரிட்டாபட்டி போராட்டத்தால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பரிச்சயமான பெயர். அந்தச் சுரங்க ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரியில் ரத்து செய்தது. டங்ஸ்டனின் முக்கியத் தாதுக்களில் ஒன்று ஷீலைட். பகலில் பார்த்தால் சாதாரண வெள்ளைக் கல் போலத்தான் இருக்கும். குறுகிய அலை விளக்கில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். உலகம் முழுக்க புவியியலாளர்கள் இரவில் விளக்கோடு போய் இதைத் தேடுவது வழக்கம்.

அப்போ கருமணலில் எது ஒளிரும்?

ஏமாற்றமான பதில்தான். பெரும்பகுதி ஒளிராது.

இல்மனைட்: கறுப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. ஒளிராது.

மேக்னடைட்: கறுப்பு. இரும்புத் தாது. ஒளிராது.

கார்னெட்: இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை. கடற்கரை கார்னெட்டில் இரும்பு அதிகம் என்பதால் ஒளிராது.

ரூட்டைல்: கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. டைட்டானியம் தாது. ஒளிராது.

சிர்கான்: நிறமற்றது அல்லது வெளிர் இளஞ்சிவப்பு. இங்கேதான் டார்ச்சுக்கு வேலை. பல சிர்கான் மணிகள் குறுகிய அலை விளக்கில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒளிரும். கறுப்பு மணலுக்கு நடுவே பொறி தெறித்த மாதிரி தெரியும். 395 டார்ச்சில் இந்தக் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

மோனசைட்: தேன் நிறம் அல்லது மஞ்சள் கலந்த பழுப்பு. தோரியம் இருப்பதால் கதிரியக்கம் உள்ளது. ஆனால் யுவி டார்ச்சில் இது பொதுவாக ஒளிராது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கருமணலில் சட்டப்படி அதிக முக்கியத்துவம் உள்ள தாதுவை யுவி டார்ச் காட்டிக்கொடுக்காது.

அதே சமயம் கடற்கரையில் டார்ச் அடித்தால் ஒளிரும் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. சில பிளாஸ்டிக் துண்டுகள், சில வலை நூல்கள், காகிதம், சில சிப்பி ஓடுகள் எல்லாம் ஒளிரும். தேள்கூட நீலப்பச்சையாக ஒளிரும். 'ஒளிருது, அதனால விலை உயர்ந்த கல்' என்று யாராவது வந்தால் முதலில் சந்தேகப்படுவது நல்லது.

ஒளிர்ந்தால் கதிரியக்கம் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. இரண்டும் வேறு வேறு. யுவி விளக்கை அணைத்ததும் ஃப்ளூரசன்ஸ் நின்றுவிடும். கதிரியக்கத்துக்கு வெளியில் இருந்து விளக்கே தேவையில்லை. அணுக்கரு தானாகச் சிதைவதால் வருவது அது.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஆட்டுனைட் போன்ற சில யுரேனியக் கனிமங்கள் யுவி விளக்கில் பச்சையாகப் பளிச்சிடும். ஆனால் கதிரியக்கமே இல்லாத கால்சைட்டும் ஒளிரும். கதிரியக்கம் உள்ள மோனசைட் ஒளிராமல் இருக்கும். எனவே டார்ச்சை வைத்து 'ஆபத்து இருக்கு' என்றும் சொல்ல முடியாது, 'ஆபத்து இல்லை' என்றும் சொல்ல முடியாது. அதற்கு கதிர்வீச்சு அளவி வேண்டும்.

பிறகு எப்படித்தான் அடையாளம் காண்பது?

ஒரே சோதனையில் முடியாது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எடை. ஒரு தட்டில் மணலைத் தண்ணீரோடு சுழற்றினால் குவார்ட்ஸ் வெளியேறி, கன மணிகள் அடியில் தங்கும். அடுத்து காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே மேக்னடைட்டை இழுத்துவிடும். வலுவான நியோடிமியம் காந்தம் என்றால் இல்மனைட், கார்னெட் மணிகளும் வரும். சிர்கான், ரூட்டைல் வராது. பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் நிறம், வடிவம், பளபளப்பு பார்க்க வேண்டும். இதற்குப் பிறகுதான் யுவி விளக்கு. அது சாட்சிகளில் ஒன்று, அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

ஆலையிலும் இதே தத்துவம்தான், அளவு மட்டும் பெரிது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் நிறுவனம் எடை, காந்த ஈர்ப்பு, மின்கடத்தும் தன்மை ஆகிய மூன்றையும் வைத்தே தாதுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. இல்மனைட்டும் ரூட்டைலும் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கானும் மோனசைட்டும் கடத்தாது.

உறுதியான முடிவு ஆய்வகத்தில்தான் கிடைக்கும். எக்ஸ் கதிர்ச் சிதறல், நுண்ணோக்கி, ராமன் நிறமாலை போன்ற முறைகள் அங்கே உண்டு. கடைசியாகச் சொன்னது 1928-ல் சி.வி.ராமன் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. நாட்டின் கடற்கரைகளில் அணுக் கனிமங்களைத் தேடி அளவிடும் பொறுப்பு, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்ககத்திடம் உள்ளது.

மோனசைட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கதை தேங்காய் நாரில் தொடங்குகிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சி உலக வரைபடத்தில் இடம்பிடித்தது அப்படித்தான். அந்தக் காலத்தில் மோனசைட் தேவைப்பட்டது விளக்குக்கு. பெட்ரோமாக்ஸில் மாட்டும் 'மேண்டில்' பளீரென்று எரிய தோரியம் பயன்பட்டது.

இன்று தேவை வேறு. மோனசைட்டில் தோரியம் மட்டுமின்றி நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்களும் உள்ளன. மின்சார வாகன மோட்டார், காற்றாலை என எல்லாவற்றுக்கும் இந்தக் காந்தங்கள் வேண்டும். இந்தியக் கரைகளில் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அரசு மதிப்பிடுகிறது. அதில் அதிக அளவு ஆந்திராவில் உள்ளது. ஒடிசா, தமிழ்நாடு, கேரளாவிலும் கணிசமாக உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

சுரங்கச் சட்டத்தின் அணுக் கனிமப் பட்டியலில் 'கடற்கரை மணல் கனிமங்கள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேரி மணலிலோ கடற்கரை மணலிலோ கிடைக்கும் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட், சிர்கான், சில்லிமனைட் எல்லாம் அதில் அடக்கம். அதாவது, மலைப் பாறையில் இருக்கும் கார்னெட் வேறு கணக்கு. அதே கார்னெட் கடற்கரைக்கு வந்துவிட்டால் அணுக் கனிமப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

2016-ல் வந்த விதிகளின்படி, கன தாதுக்களில் மோனசைட் 0.75 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்ற நிலை இருந்தது. 2019 பிப்ரவரியில் அந்த வரம்பு பூஜ்யமாக்கப்பட்டது. அதோடு தனியாருக்கான கதவு அடைந்தது.

இதற்குப் பின்னால் தமிழ்நாட்டின் அனுபவமும் உண்டு. தென்மாவட்டக் கடற்கரைகளில் சட்டவிரோதமாகத் தாது மணல் அள்ளப்பட்டதாக எழுந்த புகார்களை அடுத்து 2013-ல் மாநில அரசு தடை விதித்தது. ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழு ஆய்வு நடத்தியது. 2025 பிப்ரவரி 17-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், ரூ.5,832 கோடியை வசூலிக்கும் அரசின் நடவடிக்கையை உறுதி செய்ததோடு, சி.பி.ஐ விசாரணைக்கும் உத்தரவிட்டது.

இதில் மீனவ கிராமங்களுக்கு என்ன சிக்கல்?

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தைப் பார்த்தால் புரியும். அங்கே சுமார் 1,144 ஹெக்டேரில் ஐ.ஆர்.இ.எல் தாது மணல் எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலோர மக்களின் கடும் எதிர்ப்பால், 2024 அக்டோபர் 1-ம் தேதி நடக்க இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கதிர்வீச்சு, கடலரிப்பு, வாழ்வாதாரம் என்று மக்களுக்கு அச்சங்கள் பல. அவற்றைச் சொல்வதற்கு இருந்த அதிகாரபூர்வ மேடை அந்தக் கூட்டம்தான்.

2025 செப்டம்பர் 8-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள் மற்றும் முக்கியக் கனிமங்களை எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பில் இருந்து விலக்கு. சுற்றுச்சூழல் மதிப்பீடு உண்டு. அதுவும் பரப்பளவு எவ்வளவாக இருந்தாலும் மத்திய அளவிலேயே நடக்கும். ஊரில் கூட்டம் மட்டும் கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, கனிமத் தேவை ஆகியவை இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. இதைத் திரும்பப் பெறக் கோரி அதே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இரண்டு பக்கமும் வாதம் உண்டு. அரிய மண் தனிமங்களுக்குச் சீனாவையே நம்பி இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கரையில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் கரையைப் பற்றி முடிவெடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்த உண்மை பதில் ஆகாது. 'என் வீட்டு வாசல் மணலில் என்ன தாது இருக்கு?' என்ற கேள்வி இப்போது 'என்னைக் கேட்பாங்களா, மாட்டாங்களா?' என்ற கேள்வியும்கூட.

பழவேற்காட்டுக்கு இது ஏன் முக்கியம்?

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரவிக் கிடக்கிறது. இங்குள்ள மீனவர்கள் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை 'பாடு' என்ற முறையில் தங்களுக்குள்ளேயே பங்கிட்டு வந்தவர்கள். கரையைப் பற்றிப் பேசி முடிவெடுப்பது இவர்களுக்குப் பழகிய விஷயம்.

ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது மெல்லிய மணல் திட்டுதான். முகத்துவாரம் தூர்ந்தால் ஏரிக்குள் மீன் வரத்து குறையும், படகு போக வழி இருக்காது. திட்டு அரித்தால் ஊருக்கே ஆபத்து. இங்கே மணல்தான் வேலி, மணல்தான் கதவு.

இங்கேதான் கறுப்புக் கோட்டுக்கு இன்னொரு அர்த்தம் வருகிறது. அலை லேசான மணலை இழுத்துச் சென்று கனமானதை விட்டுவிடுகிறது என்று பார்த்தோம். அப்படியானால் ஒரு கரையில் கறுப்புப் பட்டை ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிறது என்றால், அங்கே தாது 'விளைகிறது' என்று நினைக்க வேண்டாம். வெள்ளை மணல் போய்க்கொண்டிருக்கிறது, அதாவது கரை அரிக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வழியில் துறைமுகச் சுவர் வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்ததும் பாடப்புத்தக உதாரணம். பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை மீனவ கிராமங்கள் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த அரிப்புதான்.

சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால்?

* வீட்டில் ஒரு பிடி மணல், ஒரு காந்தம், ஒரு கைலென்ஸ் போதும். பிள்ளைகளுக்கு நல்ல அறிவியல் பாடம்.
* 254 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. யுவி தடுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.
* கருமணலை மூட்டையாக அள்ளி வீட்டில் சேர்க்க வேண்டாம். மோனசைட், அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்.
* ஒளிரும் கல்லைக் காட்டி யாராவது பணம் கேட்டால், ஆய்வக அறிக்கை இல்லாமல் நம்ப வேண்டாம்.
* டார்ச் வாங்கும் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று கரையை போட்டோ எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். கறுப்புப் பட்டை எவ்வளவு அகலம், கடைசி வீட்டுக்கும் அலைக்கும் எத்தனை அடி என்று குறித்து வையுங்கள்.

யுவி டார்ச் சில சிர்கான் மணிகளை மட்டும்தான் காட்டும். கரை எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த போட்டோக்கள் காட்டும். நாளை ஒரு கூட்டத்திலோ நீதிமன்றத்திலோ ஊர் சார்பில் பேச வேண்டி வந்தால், கையில் எடுத்துக்காட்ட அதுதான் இருக்கும்.